1994-இல் அமெரிக்க பேஸ்பாலில் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடர் ஏன் நடக்கவில்லை?

சுருக்கமாகச் சொன்னால், சம்பளச் சண்டை. வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று அணி முதலாளிகள் பிடிவாதமாக நின்றார்கள். வீரர்கள் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது.

ஏன் ஆகஸ்ட்? அதற்குள் வீரர்களுக்கு அந்த ஆண்டுச் சம்பளத்தில் பெரும்பகுதி வந்துவிடும். முதலாளிகளுக்கோ அக்டோபர் இறுதிச்சுற்றின் தொலைக்காட்சிப் பணம்தான் பெரிது. அடி எங்கே விழும் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்த நாள் அது. ஆனாலும் முதலாளிகள் இறங்கி வரவில்லை. செப்டம்பர் 14 அன்று மிச்சப் பருவம் முழுவதும் ரத்து. 1904-க்குப் பிறகு உலகத் தொடர் இல்லாமல் போன ஒரே ஆண்டு இதுதான்.

எனக்கு இன்றும் மனசு ஆறாதது கனடாவின் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணி விஷயத்தில்தான். 74 வெற்றி, 40 தோல்வி. அந்த ஆண்டு அவர்களைவிட நல்ல கணக்கு எந்த அணிக்கும் இல்லை. அடுத்த ஆண்டு ஆட்டம் தொடங்கும் முன்பே செலவைக் குறைக்க லாரி வாக்கர், மார்க்கிஸ் கிரிஸம் போன்ற வீரர்களை விட்டுவிட்டார்கள். 2004 பருவத்துக்குப் பிறகு அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

அப்புறம் சான் டியாகோ அணி வீரர் டோனி க்வின். அவருடைய பேட்டிங் சராசரி (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்த பங்கு) .394-இல் நின்றுபோனது. 1941-இல் டெட் வில்லியம்ஸ் தொட்ட .400-ஐ அவர் எட்டியிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

1995 மார்ச் கடைசியில் சோனியா சோட்டோமேயர் என்ற நீதிபதி (பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர்) முதலாளிகளுக்கு எதிராகத் தடையுத்தரவு போட்ட பிறகே ஆட்டம் திரும்பியது, அதுவும் 162-க்குப் பதில் 144 ஆட்டங்களாக.