மேக்னம் பிஸ்டல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணினி விளையாட்டில் டெசர்ட் ஈகிளோடு வளர்ந்தவன் நான். அவ்வளவு சக்திவாய்ந்த பிஸ்டலை ராணுவங்கள் ஏன் சீண்டவில்லை? நிஜத்தில் அதற்கு உபயோகம் உண்டா, வெறும் பந்தாவா? வேலை விஷயமாக அரிசோனா போகிறேன். அங்கே ரேஞ்சில் வாடகைக்குச் சுடலாமாம்.

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

உபயோகம் உண்டு, ராணுவத்துக்கு அல்ல. சிப்பாயின் கையில் ரைஃபிள் இருக்கிறது. இடுப்பில் தொங்குவது ஆபத்துக்கு உதவ. அதற்கு 9 எம்எம் தாராளம். டெசர்ட் ஈகிளின் சுமார் 2 கிலோ எடையை எதற்காகச் சுமக்க வேண்டும்?

டெசர்ட் ஈகிள் சுடும் மேக்னம் தோட்டா, அதாவது வேகம் கூட்டிய தோட்டா, ரிவால்வருக்காகப் பிறந்தது. அறைக்குள் நழுவிப் போகாதிருக்க அதன் அடியில் ஒரு விளிம்பு உண்டு. அதையே பிஸ்டலின் கைப்பிடிக்குள் போகும் மேகசினில் அடுக்கினால், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். அத்தோடு துப்பாக்கி நின்றுவிடும்.

கலிஃபோர்னியாவின் ஹாரி சான்ஃபோர்ட் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஆட்டோ மேக் பிஸ்டலில் இந்தத் தொல்லையே இல்லை. .44 ஏஎம்பி என்று விளிம்பு துருத்தாத தனித் தோட்டா அதற்கு. துருப்பிடிக்காத எஃகு, தோட்டாவின் பின்புறத்தை அடைத்துச் சுழன்று பூட்டும் போல்ட். இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்த துப்பாக்கி இதுதான். ஆனால் ஆரம்பத்தில் வாங்கியவர்கள் கடைக்குப் போனால் தோட்டா கிடைக்காது. .308 ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை அளவாக நறுக்கி, வாயை உள்ளே கடைந்து, மருந்து போட்டு, குண்டைப் பொருத்தி, தாங்களே செய்துகொண்டார்கள். விற்ற விலையும் செலவுக்குக் கட்டவில்லை. 1972இல் நிறுவனம் திவால். பிறகு கைமாறிக் கைமாறிக் கொஞ்சம் வந்தது. அன்று செய்தவற்றை இன்று பெரும்பாலும் சேகரிப்பாளர்களிடம்தான் பார்க்கலாம். இவ்வளவு நல்ல வேலைப்பாடு தோட்டா கிடைக்காமல் நொடித்துப்போனது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

1980களில் வந்த டெசர்ட் ஈகிள் பிழைத்ததற்குக் காரணமும் தோட்டாதான். மின்னசோட்டாவின் மேக்னம் ரிசர்ச் நிறுவனம் வடிவமைக்க, இஸ்ரேலில் தயாரானது. விளிம்பு மாட்டாதபடி மேகசினை அமைத்துவிட்டதால், கடையில் கிடைக்கும் .357, .44 ரிவால்வர் தோட்டாக்களையே தின்னும். .50 தோட்டாவுக்கான மாடல் பிற்பாடு வந்தது. வெடிவாயுவில் கொஞ்சத்தைக் குழலுக்கடியில் திருப்பிவிட்டு, மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைப் பின்னால் தள்ளும் ரைஃபிள் முறை. அதனால் உறையில்லாத ஈயக் குண்டு போடக் கூடாது. வாயுத் துளையை ஈயம் அடைத்துவிடும்.

அதே தோட்டாவை ரிவால்வரில் சுடுவதைவிட இதில் உதை மெத்தென்று இருக்கும். எடையும் பின்னோடும் ஸ்லைடும் அதிர்ச்சியில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதி உண்டு. சிலுவெட் என்ற போட்டியில் 200 மீட்டர் தள்ளி நிற்கும் ஆட்டுக்கடா வடிவ இரும்புத் தகட்டைத் தொட்டால் போதாது, சாய்க்க வேண்டும். இங்கெல்லாம் மேக்னம் தோட்டாவுக்கு வேலை இருக்கிறது.

கரடிக்கு ஆகுமா என்றும் கேட்பார்கள். கிரீன்லாந்தில் பனிக்கரடிகளின் நடுவே ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை வைத்திருந்தது 10 எம்எம் தோட்டா போடும் க்ளாக் பிஸ்டல். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

அரிசோனாவில் முதலில் .357 கேளுங்கள். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாக ஓடாமல் சிக்கும், இறுகப் பிடியுங்கள். முதல் தடவை மேகசினில் ஒரே ஒரு தோட்டா போதும். உதையில் விரல் தானாக இறுகி இரண்டாவதும் வெடிக்கக்கூடும். அதற்குள் குழல் வானத்தைப் பார்த்திருக்கும்.