உருளை உணரிக்குள் துகள் கடக்கும் சராசரித் தொலைவு: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 7.62 செ.மீ. விட்டமும் அதே உயரமும் உடைய, கதிர்வீச்சு உணரியாகப் பயன்படும் சோடியம் அயோடைடு உருளைப் படிகத்துக்குள் ஒரு துகள் சராசரியாக எவ்வளவு தொலைவு செல்லும்? என் கணக்கில் 7.62 செ.மீ. வருகிறது.

பதில்: துகள்கள் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வருகின்றன என்று சொல்லாதவரை இக்கேள்விக்கு விடை இல்லை. அவை எல்லாத் திசைகளிலிருந்தும் சீராக வந்து நேர்கோட்டில் ஊடுருவுவதாகக் கொண்டால், பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய தேற்றம் கைகொடுக்கும்: குழிவில்லாத எந்தத் திண்மத்திலும் சராசரி நாண் நீளம் (நாண் என்பது துகள் உள்ளே கடக்கும் நேர்கோட்டுத் துண்டு) என்பது கன அளவின் நான்கு மடங்கை மொத்தப் புறப்பரப்பால் வகுத்துக் கிடைப்பது. ஆரத்தை 'ஆ' என்றும் உயரத்தை 'உ' என்றும் குறித்தால், உருளைக்கு அது 2ஆஉ ÷ (ஆ + உ) ஆகும். உங்கள் படிகத்துக்கு 5.08 செ.மீ.; அதே விட்டமுள்ள கோளத்துக்கும் இதே மதிப்புதான். புறப்பரப்பில் மேல், கீழ் வட்ட முகங்களைச் சேர்க்க மறந்தால் விடை எப்போதும் விட்டத்துக்குச் சமமாகவே வரும். உங்களுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். மிக நீண்ட உருளைக்கு மட்டுமே அந்த விடை பொருந்தும். மெல்லிய வட்டத் தகட்டுக்கோ சராசரி அதன் தடிமனைப் போல் இரு மடங்கு.

கேள்வி: காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகும் மியூவான் துகள்கள் பெரும்பாலும் மேலிருந்துதானே வருகின்றன? அவற்றுக்கும் இதே வாய்பாடு பொருந்துமா?

பதில்: பொதுவாகப் பொருந்தாது. ஒரே திசையில் இணையாக வரும் கற்றைக்குச் சராசரி நீளம் என்பது கன அளவை, அத்திசையில் உருளை வீழ்த்தும் நிழலின் பரப்பால் வகுத்தது. அச்சுக்கு இணையாக வந்தால் அது முழு உயரம், 7.62 செ.மீ.; அச்சுக்குச் செங்குத்தாக வந்தால் ஏறத்தாழ 5.98 செ.மீ. பல திசைகள் கலக்கும்போது இந்தச் சராசரிகளைச் செறிவால் மட்டும் எடையிட்டுக் கூட்டுவது தவறு. நிழல் பெரிதாக உள்ள திசையில் அதிகத் துகள்கள் நுழைவதால், நிழற்பரப்பும் எடையில் சேர வேண்டும்.

மியூவான் செறிவு, செங்குத்துக் கோட்டிலிருந்து சாயும் கோணத்தின் கொசைன் வர்க்கத்தைப் பின்பற்றுவதாகக் கொண்டு, நிமிர்ந்து நிற்கும் உருளைக்குத் தொகையிட்டால் 8ஆஉ ÷ 3(2ஆ + உ) கிடைக்கிறது. உயரம் விட்டத்துக்குச் சமமானால் இதுவும் சரியாக 5.08 செ.மீ.தான்! இது அந்த ஒரு விகிதத்தில் மட்டும் நேரும் தற்செயல்; உயரம் விட்டத்தைப் போல் இரு மடங்கானால் சீரான வரவுக்கு 1.6ஆ, மியூவான்களுக்கு 1.78ஆ எனப் பிரிந்துவிடும். சோடியம் அயோடைடில் மியூவான்கள் செ.மீ.க்குக் குறைந்தது ஏறத்தாழ 4.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் இழப்பதால், உங்கள் படிகத்தில் சராசரி இழப்பு 24 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். விளிம்பை உரசிச் செல்லும் குறுநாண்களும் இச்சராசரியில் அடங்குவதால், துகள்கள் விட்டுச்செல்லும் ஆற்றலின் நிறமாலையில் உச்சி அதே இடத்தில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: கணினிப் போலச் செய்தலில் புறப்பரப்பின் மீது சீராகப் புள்ளிகளைத் தேர்ந்து, உள்நோக்கிச் சீரற்ற திசைகளை விடுகிறேன். விடை ஏன் குறைகிறது?

பதில்: திசைகளை அரைக்கோளத்தில் சமமாகப் பரப்பியிருக்கிறீர்கள். பரப்பைச் சாய்வாகத் தாக்கும் துகள்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், செங்குத்துக்கோட்டுடன் அமையும் கோணத்தின் கொசைன் எடையாக வர வேண்டும். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட சீரற்ற எண்ணின் வர்க்கமூலத்தைக் கொசைனாகக் கொண்டால் போதும். நிரலை முதலில் கோளத்தில் சோதியுங்கள்: பிழையான முறை ஆரத்துக்குச் சமமான விடையையும், சரியான முறை அதன் 4/3 மடங்கையும் தரும். உள்ளே சீராக ஒரு புள்ளியைத் தேர்ந்து அதன் வழியே கோடிடுவதும் வேறொரு சராசரிதான். கோளத்தில் அது ஆரத்தின் 3/2 மடங்கு, ஏனெனில் நீண்ட நாண்கள் கூடுதலாகத் தேர்வாகின்றன.

கேள்வி: இந்தச் சராசரியைக் கொண்டு காமாக் கதிரைப் படிகம் கண்டறியும் திறனைக் கணிக்கலாமா?

பதில்: மேல்வரம்பாக மட்டும், அதுவும் கதிர்கள் எல்லாப் பக்கமிருந்தும் சீராக வந்தால். 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் தணிவுக் கெழு (பாதையில் கதிர் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதன் அளவு) செ.மீ.க்கு ஏறத்தாழ 0.28; ஆகவே 5.08 செ.மீ. பாதைக்கு ஊடாட்ட வாய்ப்பு 76 விழுக்காடு வருகிறது. பாதை நீள நீள வாய்ப்பின் உயர்வு தளர்வதால், ஒவ்வொரு நாணுக்கும் தனித்தனியே கணித்துச் சராசரி எடுத்தால் மதிப்பு இதற்குக் கீழேதான் அமையும். அருகில் வைத்த புள்ளி மூலத்துக்கு இந்த மதிப்பீடு உதவாது.

கேள்வி: நடுவில் கிணறு போன்ற துளையுள்ள படிகமானால்?

பதில்: இரு சுவர்களையும் கடக்கும் மியூவான் ஒரே மின் துடிப்பைத்தான் தரும். ஆகவே கன அளவில் துளையைக் கழித்துவிட்டு, புறப்பரப்புக்குத் துளையற்ற வெளி உருளையின் பரப்பையே எடுங்கள். இதுவும் சீரான வரவுக்கே.