இரைப்பை பைபாஸ் செய்தபின் சலரோகக் குளிசையை நிறுத்தலாமா?

அம்மாவுக்கு இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் மேற்பகுதியைத் தாண்டி உணவை அனுப்பும் சத்திரசிகிச்சை) செய்து ஒரு கிழமை, எடை குறையமுன்பே சீனி இறங்கிவிட்டது, குளிசையை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சாப்பாடு சட்டென்று குறைய, ஈரல் கொழுப்பு முதலில் கரைந்து, இன்சுலின் அங்கே நன்றாக வேலை செய்யத் தொடங்குகிறது. உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு வேகமாகப் போவதால் ஜிஎல்பி-1 ஓமோன் கூடச் சுரந்து இன்சுலினைத் தூண்டுகிறது. இந்த நிலையில் பழைய அளவிலேயே இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிக்லசைட் குளிசையோ கொடுத்தால் சீனி ஆபத்தாக விழும். இன்றே வைத்தியரிடம் காட்டி அளவை மாற்றுங்கள். மெற்போமின் என்ற சலரோகக் குளிசை பெரும்பாலும் தொடரும்.

புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். பிறகு மசித்த மீன், பருப்பு. புட்டு இப்போது வேண்டாம், அடைக்கும். விற்றமின் பி12 ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும்.

விடாமல் சத்தி எடுத்தால் தாமதிக்காதீர்கள்: தயமின் (விற்றமின் பி1) குறைந்து மூளை பாதிக்கப்படலாம். குளுக்கோஸ் ஏற்றமுன் தயமின் போட வேண்டும், சத்திரசிகிச்சை நடந்ததை வைத்தியசாலையில் முதலில் சொல்லுங்கள்.