இரு முனைப் பின்னல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகள் ஸ்டொக்ஹோமில் படிக்கிறா. அவவுக்காக சுவீடன்காரரின் இரு முனைப் பின்னலில் விரல் பிரிக்காத கையுறை பின்னத் தொடங்கினேன். நாலைந்து சுற்று போனதும் இரண்டு நூலும் கயிறு மாதிரி முறுகிக்கொள்கின்றன. எங்கே பிழை விடுகிறேன்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிழை இல்லை, முறுகத்தான் வேண்டும். ஒரே நூல் உருண்டையின் உள்முனையையும் வெளிமுனையையும் வலது கையில் பிடித்து, கண்ணிக்கு (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையத்துக்கும்) ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்னுகிறோம். ஒவ்வொரு முறையும் பின்னால் கிடக்கும் நூலை முன்னதன் மேலாக எடுப்பதால் அரைச் சுற்று முறுக்கு ஏறும். 64 கண்ணியுள்ள சுற்றொன்றில் 32 முழு முறுக்கு!

சுற்று முடிய, உருண்டையில் நூலை ஒரு சுருக்குப் போட்டு இறுக்குங்கள், அல்லது ஊசியொன்றைக் குறுக்கே குத்துங்கள். பின்னலை உயர்த்திப் பிடித்தால் உருண்டை தொங்கித் தானாகச் சுழன்று முறுக்கை விடும். அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க வழியில்லை. ஒரு கண்ணிக்கு மேலாகவும் அடுத்ததற்குக் கீழாகவும் எடுத்தால் முறுக்கு ஏறாது. பலர் அதைச் சுகமென்று நினைக்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், நெருக்கமான வரி கலைந்திருக்கும்.

கேள்வி: சொன்ன அளவிலேயே பின்னினேன், கை நுழையவில்லை. ஏன்?
– வாசகி, தெஹிவளை

பதில்: இந்தப் பின்னல் இழுபடாது. பின்பக்கம் எங்கும் இரட்டை நூல் ஓடுவதால்தான் காற்றுப் புகாமல் சூடு நிற்கிறது. அதே காரணத்தால் சாதாரணப் பின்னல் போலக் கைக்கு ஏற்ப விரிந்தும் கொடுக்காது. பெருவிரலை விட்டு உள்ளங்கையின் சுற்றளவை அளந்து, 1 செ.மீ. கூட்டுங்கள். மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்னி, கழுவிக் காயவைத்து அளக்க வேண்டும். 5 செ.மீ.க்கு 15 கண்ணி வந்தால், 21 செ.மீ.க்கு 63, நாலு ஊசியில் சமமாகப் பிரிக்க 64 போடுங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் நூலைச் சுண்டி இழுக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. பெருவிரல் வரும் இடத்தில் 12 கண்ணியை வேறு நிற நூலில் பின்னி விட்டு, கடைசியில் அந்த நூலை உருவி இருபுறமும் கண்ணி எடுங்கள். இரு மூலைகளிலும் ஒவ்வொன்று கூட்டி எடுத்தால் ஓட்டை விழாது.

கேள்வி: புறக்கோட்டையில் வாங்கிய நூல் போதுமா? இது எந்த ஊர்க் கலை?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சுவீடனின் டாலர்னா மாகாணத்தோடு சேர்த்துப் பேசப்படும் கலை. அங்குள்ள ஃபாலுன் நகரில் இந்தப் பின்னலில் ஆன 17ஆம் நூற்றாண்டுக் கையுறையொன்று 1974இல் கிடைத்தது.

நூலில் ஒரு சிறு துண்டை வெட்டி, குறட்டால் பிடித்துக் கொளுத்துங்கள். மயிர் கருகிய மணமும் நொறுங்கும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருகி கட்டியாக இறுகினால் அக்ரிலிக். பழக அது போதும், பனிக்கு வேண்டாம். ஈரம் பட்டாலும் சூடு தரும் குணம் கம்பளிக்குத்தான் உண்டு. சுவீடனில் இதற்கென விற்கும் இரட்டை இழை நூலை நிமிர்த்திப் பிடித்தால் இழைகள் இடது கீழிருந்து வலது மேலாகச் சாய்ந்திருக்கும். கடையில் பொதுவாகக் கிடைப்பது எதிர்ச்சாய்வு. அதிலும் பின்னலாம், முதலில் 20 கண்ணி பின்னி இழை பிரிகிறதா என்று பாருங்கள். கொழும்பு வெக்கையில் கை வியர்த்து நூல் ஒட்டினால் இரும்பு ஊசியை விட்டு மூங்கில் ஊசிக்கு மாறுங்கள்.