சால்ட் லேக் ராத்திரி: கேள்வி பதில்

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கின்றன, கேள்வி கேட்க ஊருக்கே நேரம் இருக்கிறது. முக்கால்வாசி ஐஎஸ்எல் கால்பந்து லீக்கின் ஒரே ஆட்டத்தைப் பற்றித்தான்: 2024 மார்ச் 31, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், மோகன் பகான் 2, நம்ம சென்னையின் எஃப்சி 3.

காக்கா, தராவீஹ் முடிந்து போனைத் திறந்தால் 2-1 என்று முன்னிலையில் இருக்கிறோம். அதுவரை என்னதான் நடந்தது? (கீழக்கரை)

இடைவேளைக்கு முன்பே மோகன் பகானின் கௌகோ ஒரு கோல் போட்டுவிட்டார். எழுபது நிமிடம் தாண்டித்தான் நம்ம ஜோர்டன் மர்ரி சமன் செய்தார். கொஞ்ச நேரத்தில் டிஃபெண்டர் ரயன் எட்வர்ட்ஸ் இரண்டாவதைப் போட்டார். அதாவது நீங்கள் தவறவிட்டது எழுபது நிமிட வயிற்றெரிச்சலை. அவர்களுடைய பெட்ராடோஸின் பெனால்டியும் நம்ம இர்ஃபான் யாத்வாடின் கடைசி கோலும் உங்கள் கண் முன்னால்தானே நடந்தன? கொடுத்துவைத்தவர்.

பாய், ஈஸ்டர் அன்று நல்ல சாப்பாடு, நல்ல மனநிலை. பெனால்டி விழுந்ததும் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஜெயித்தது விடிந்துதான் தெரியும். (தங்கச்சிமடம்)

இதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. பங்குத்தந்தையிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள்.

பாய், அவர்கள் அசந்த நேரத்தில் லக்கில் ஜெயித்ததை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறீர்கள்? (தேவிப்பட்டினம்)

லீக் சுற்றில் முதலிடத்துக்குக் கொடுக்கும் ஷீல்டுக்கு ஓடிக்கொண்டிருந்த அணி எப்படி அசரும்? அந்த ஷீல்டைக் கடைசியில் அவர்கள்தான் வாங்கினார்கள். அக்டோபரில் சென்னைக்கே வந்து நம்மை 3-1 என்று அடித்துவிட்டுப் போனவர்கள்.

எனக்குத் தெம்பு கொடுத்தது ஸ்கோர் இல்லை, 2-2 ஆன பிறகு நடந்தது. இஞ்சுரி டைமில், அடுத்தவன் ஊரில் பெனால்டி கோல் வாங்கிய அணி என்ன செய்யும்? பந்தை வெளியே தட்டி நேரத்தைக் கடத்தி, ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்று பஸ் ஏறும். இவர்கள் திரும்பவும் முன்னால் போனார்கள். சில நிமிடத்திலேயே கோல்.

அந்த ஒரு புள்ளி போதாது என்பதும் பிறகு தெரிந்தது. லீக் முடிவில் நாம் 27 புள்ளியோடு ஆறாவது, நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணி 26 புள்ளியோடு ஏழாவது. கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்று முதல் ஆறு அணிக்குத்தான். சால்ட் லேக்கில் டிரா ஆகியிருந்தால் நமக்கு 25, நார்த்ஈஸ்ட் உள்ளே, நாம் வெளியே. கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்போ நல்ல சீசன் என்று சொல்லலாமா? (மண்டபம்)

சொல்ல மாட்டேன். 22 ஆட்டத்தில் 11 தோல்வி. நாக்-அவுட்டில் கோவாவிடம் 2-1 என்று வெளியேறினோம். இந்தக் கடைசி நேர வீரம் நமக்குப் பழைய வியாதி. 2015 ஃபைனலில் தொண்ணூறாவது நிமிடம் நெருங்கும்போது 2-1 என்று பின்னால் இருந்து 3-2 என்று கோப்பை வாங்கினோம். 2019 டிசம்பரில் ஓவன் காயில் கோச்சாக வந்து, தேறாது என்று எல்லாரும் கைவிட்ட அணியை ஃபைனல் வரை இழுத்துப்போனார், அங்கே கொல்கத்தா அணியான ஏடிகேவிடம் தோற்றோம். சீசன் ஆரம்பத்திலேயே ஒழுங்காக ஆடினால் என்ன கெட்டுப்போகும்?

தம்பி, அந்த மேட்ச் பார்த்ததிலிருந்து என் மகன் பந்தும் கையுமாகத்தான் இருக்கிறான். கடற்கரையில் ஆடி யாராவது மேலே வந்திருக்கிறார்களா? (ஏர்வாடி)

வந்திருக்கிறார்கள் அக்கா. மைக்கேல் சூசைராஜ் குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரர், மீனவ ஊர். ஐஎஸ்எல்லில் ஜாம்ஷெட்பூருக்கும் ஏடிகேவுக்கும் ஆடினார், இந்திய அணிக்கும் போனார்.

ஒன்று கவனியுங்கள். மணலில் ஆடினால் மூச்சும் கால் பலமும் வரும், ஆனால் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அதே பையன் புல் தரைக்குப் போனால் முதல் தொடுதலிலேயே பந்து மூன்றடி தள்ளி ஓடும், செலக்‌ஷனில் அங்கேதான் கழித்துவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கெட்டித் தரையில், சுவரில் அடித்து இரண்டு காலாலும் வாங்கிப் பழகட்டும்.

சென்னை போய் நேரில் பார்க்க ஆசை. எப்படிப் போவது? (ராமேஸ்வரம்)

2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்துவிட்டதால் உங்கள் ஊரிலிருந்தே ரயில் உண்டு. ராத்திரி சேது எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் சென்னை. நேரு ஸ்டேடியம் எழும்பூரிலிருந்து பக்கம்தான். திரும்புவதுதான் பாடு. ஏழரைக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும், கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்ச் சேரவே நள்ளிரவு. அதனால் சனிக்கிழமை ஆட்டமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள், ஞாயிறு சாவகாசமாக ஊர் வரலாம்.