ராயபுரத்துக்காரர்கள் அடங்காதவர்களா?

கேள்வி: நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கொளத்தூரில் குடியிருக்கிறேன். 2020-இல் சென்னையிலேயே எங்கள் பழைய ஏரியாவில்தான் கொரோனா அதிகம். சொன்ன பேச்சைக் கேட்காத ஜனங்கள், அதனால்தானே? தொற்றுநோய் என்பது டாக்டர்கள் சமாசாரம். உங்கள் கட்டுரைகளில் அதற்குள் விவசாயி, மீனவர், கானா என்றெல்லாம் இழுத்து ஏன் அரசியல் பண்ணுகிறீர்கள்?
- ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: கேள்விக்குறி போட்டிருக்கிறீர்களே தவிர இது தீர்ப்பு. சரி, தீர்ப்பையே பார்ப்போம். ஏப்ரல், மே மாதங்களில் ராயபுரம் மண்டலம்தான் முன்னால் நின்றது, மறுக்கவில்லை. ஜூலையில் அந்த இடத்துக்கு யார் வந்தது? கோடம்பாக்கமும் அண்ணாநகரும். கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு அடக்கம் போய்விட்டது என்று அப்போது யாரும் எனக்குக் கடிதம் போடவில்லை. நீங்களும் போடவில்லை.

நீங்கள் வளர்ந்த சந்து உங்களுக்கு மறந்திருக்காது. பத்துக்குப் பத்து ரூமில் பாட்டியோடு சேர்த்து ஆறு பேர், நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ், மாடிப்படியில் எதிரே ஒருத்தர் வந்தால் உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் வழிவிட வேண்டும். அந்த வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டித் தகரம் அடித்துவிட்டு, தனியாக இருங்கள் என்றார்கள். எந்த மூலையில்? காசிமேட்டுப் பக்கம் தண்ணீர் லாரி நிற்கிற இடத்தில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தது. ஜனங்கள் வட்டத்துக்குள் குடத்தை வைத்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் இருந்த ஒரு முழ நிழலில் நெருக்கியடித்து நின்றார்கள். குடங்கள் மட்டும் அரசாங்கம் சொன்ன இடைவெளியில் இருந்தன. பார்க்கச் சிரிப்புதான், ஆனால் மே மாத வெயிலில் வேறெங்கே போய் நிற்பது? அந்த ஜூலையில் ரத்தப் பரிசோதனை ஆய்வு நடத்தியபோது, நகரத்தில் ஐந்தில் ஒருவருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோயிருந்தது தெரிந்தது. மண்டலவாரியாகத் தண்டையார்பேட்டையில்தான் அதிகம். நெரிசல் எங்கே அதிகமோ அங்கே அதிகம், இதற்கு ஜனங்களின் குணத்தை ஆராய வேண்டியதில்லை.

தனிமைப்படுத்தல் நம் ஜனங்களுக்குப் புதுசும் இல்லை. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அதைப் பார்த்தால் தெருவில் ஒருத்தரும் படியேற மாட்டார்கள். உள்ளே தாளிப்பு கிடையாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டுக்காரர்கள் விசேஷத்துக்குப் போக மாட்டார்கள். எந்தப் போலீஸும் தடியோடு நிற்காமல் நடந்தது இது.

ஏழைக்குச் சொன்னால் ஏறாது என்கிற பேச்சுக்கு இதே சென்னையில் ஒரு பழைய பதில் இருக்கிறது. ஐம்பதுகளில் காசநோய் என்றால் சானடோரியம் எனும் தனி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் வைத்தியம், நெரிசலான வீட்டில் வைத்துக் குணப்படுத்த முடியாது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவும் மாட்டார்கள் என்று பல நாட்டு நிபுணர்களும் நம்பினார்கள். 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தது, மறுபாதிக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தது. 1959-இல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பலன், வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். அதைச் சாதித்துக் காட்டியது நீங்கள் 'சொன்ன பேச்சைக் கேட்காத ஜனங்கள்' என்கிறீர்களே, அவர்கள் மாதிரி ஆட்கள்தான்.

அப்புறம், டாக்டர்கள் சமாசாரம் என்றீர்கள். ஏப்ரல் 26-இலிருந்து நாலு நாள் முழு ஊரடங்கு என்று இரண்டு நாள் முன்னால் அறிவித்தது டாக்டர் இல்லை. அறிவித்ததும் 25-ஆம் தேதி ஊரே காய்கறி வாங்க முண்டியடித்தது. அடுத்த சில நாளில் கோயம்பேடு காய்கறிச் சந்தை பெரிய தொற்று மையமாகி, மே 5-ஆம் தேதி மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்கள் அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் போய்ச் சேர்ந்தபோது நோயும் கூடவே போனது. சந்தை திருமழிசைக்கு மாறியது, கோயம்பேட்டில் காய்கறி மறுபடி வந்தது செப்டம்பர் கடைசியில். இடையில் விவசாயி என்ன செய்வான்? மல்லி மொட்டு நாளைக்குப் பூக்கிறேன் என்று காத்திருக்காது. கோயில் மூடல், கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று ஆனதும் பூவுக்கு விலையே இல்லை. பறிகூலிக்குக் கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டார்கள், தர்பூசணி வயலிலேயே அழுகியது. விசைப்படகுக்கு மார்ச் கடைசியிலிருந்தே தொழில் இல்லை, அதன் மேலேயே ஏப்ரல் 15-இல் வழக்கமான தடைக்காலமும் வந்தது. 61 நாளை 47 நாளாகக் குறைத்து மே 31-உடன் முடித்தார்கள், அதுவரை காசிமேட்டில் பெரிய படகின் ஏலத்தை நம்பி அன்னக்கூடை தூக்கிய பெண்கள் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட்டார்கள். இதில் எந்த வரியை நான் எழுதாமல் விடுவது?

கானாவைக் கேட்டீர்கள். வடசென்னையில் சாவு வீடு என்றால் ராத்திரி முழுக்கப் பாட்டு, மேளம், தெருவே விழித்திருக்கும். அந்த வருஷம் உடம்பை பிளாஸ்டிக் பையில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள், பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்தார்கள். பதினாறாம் நாள் காரியத்தைக்கூட சத்தமில்லாமல் முடித்த வீடுகள் எத்தனையோ. அடங்காத ஜனங்கள் அதற்கும் அடங்கினார்கள். அதே ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரைப் புதைக்க விடாமல் கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்பு, பிறகு அண்ணாநகர் வேலங்காட்டில் கல்லும் கட்டையுமாக அடித்து ஆம்புலன்ஸை உடைத்தார்கள். நண்பரான இன்னொரு டாக்டர் பாதி ராத்திரியில் தன் கையாலேயே மண் தள்ளி அடக்கம் செய்தார். நடந்தது ராயபுரத்தில் இல்லை. அதற்காக அண்ணாநகர்க்காரர்களே அப்படித்தான் என்று நான் எழுத மாட்டேன், நாலு பேர் செய்ததை ஒரு ஏரியா தலையில் கட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை.

கொரோனாவுக்கு ஆளும் ஆஸ்பத்திரியும் போனதில் மற்ற நோய்கள் கவனிப்பாரில்லாமல் கிடந்ததுதான் எனக்குப் பெரிய கவலை. 2019-இல் நாட்டில் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள், 2020-இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. விடுபட்டவர்கள் அதே பத்துக்குப் பத்து ரூமில் இருமிக்கொண்டு இருந்தார்கள். ராயபுரத்தில் உங்களுக்கு இன்னும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அடுத்த முறை போகும்போது, இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்காவது இருமல் விடாமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.