நுனி முறிந்த மரம் நேராக வளருமா?

கேள்வி: தடிமரக் கன்று ஒன்றின் நுனி முறிந்தவுடன் பக்கங்களில் பல கிளைகள் கிளம்புவது ஏன்? வளர்ச்சி ஊக்கியைத் தெளித்து அதை ஒரே தண்டாக வளர்க்க இயலுமா?

பதில்: நுனி மொட்டைச் சூழ்ந்த இளம் இலைகளில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி, தண்டின் வழியே கீழ்நோக்கிக் கடத்தப்பட்டு, இலைக்கோணங்களில் இருக்கும் மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியை வெட்டிய செடியின் வெட்டுவாயில் ஆக்சினைப் பூசினால் பக்க மொட்டுகள் அடங்கியே இருப்பதை, 1930-களில் தாவர ஆய்வாளர்களான தீமனும் ஸ்கூக்கும் செய்து காட்டினர். ஆனால், அந்த ஆக்சின் மொட்டுக்குள் நேரடியாக நுழைந்து தடுப்பதில்லை. மொட்டைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற ஊக்கியின் உற்பத்தியைக் குறைத்தும், கிளைப்பதைத் தடுப்பதாக 2008-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஊக்கியின் உற்பத்தியைக் கூட்டியும் அது வேலை செய்கிறது. நுனி முறிந்தால் இந்தக் கட்டுப்பாடு தளர்வதோடு, நுனிக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரையும் பக்க மொட்டுகளுக்குக் கிடைத்துவிடுகிறது.

எனினும், செடியில் கண்ட விதியை மரத்துக்கு அப்படியே பொருத்துவது தவறு. ஓக் மரத்தின் இளந்தண்டில் அந்த ஆண்டின் பக்க மொட்டுகள் அடங்கிக் கிடந்தாலும், அடுத்த பருவத்தில் அவை விழித்து நுனியையே முந்திவிடுவதால் மரம் குடையாக விரிகிறது. பைன் மரத்திலோ பக்கக் கிளைகள் தாராளமாக வந்தாலும் நடுத்தண்டு முந்தியே செல்வதால் கூம்பு வடிவம் நிலைக்கிறது. தேக்கில் நுனி மொட்டே பூங்கொத்தாக மாறிவிடுவதால், இளமையில் பூத்த மரம் அந்த இடத்திலேயே கவைவிடுகிறது.

தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜிப்ரெலின் என்னும் ஊக்கி தண்டை நீளச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து தரும் ஊக்கியின் விளைவு விரைவில் மறைந்துவிடும், தண்டு வளர்வதோ பல ஆண்டுகள். ஆக்சின் வகையைச் சேர்ந்த 2,4-டி களைக்கொல்லியாகப் பயன்படுவதையும் மறக்க வேண்டாம். முறிந்த இடத்துக்குக் கீழே மிக நிமிர்ந்து வளரும் தளிர் ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றைப் பிஞ்சிலேயே அகற்றுங்கள். தடித்த பின் வெட்டினால் மரத்தினுள் பெரிய கணு தங்கிவிடும். ஒரேயடியாகக் கவாத்து செய்து அடிமரத்தில் வெயில் படவிட்டால், பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் விழித்துப் புதிய கிளைகளை விடும்.

விட்ட தளிர் சாய்ந்து வளர்ந்தால் இளமையிலேயே முட்டுக் கொடுத்து நிமிர்த்துங்கள். சாய்ந்த தண்டில் ஆக்சின் பரவும் விதம் மாறி, ஊசியிலை மரங்களில் அடிப்புறத்திலும், அகன்ற இலை மரங்கள் பலவற்றில் மேற்புறத்திலும் வேறு தன்மையுள்ள கட்டை உருவாகும்; அறுத்த பலகை வளைவதற்கு அதுவும் ஒரு காரணம்.